அதிகாரம் அறியாத தோழன்

1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் தேதி அமெரிக்கத் திரையரங்குகளில் 'கே-நைன்' என்ற ஹாஸ்யப் படம் வெளியாயிற்று. சரியாக மூன்று மாதம் சென்று, ஜூலை 28-ஆம் தேதி, 'டர்னர் அண்ட் ஹூச்' என்ற மற்றொரு ஹாஸ்யப் படம் வெளியாயிற்று. முன்னது யுனிவர்சல் நிறுவனத்தின் படம். பின்னது டிஸ்னியைச் சேர்ந்த டச்ஸ்டோன் நிறுவனத்தின் படம். இரண்டிலும் கலிபோர்னியாவின் கடற்கரை ஊர் ஒன்றில் துப்பறியும் போலீஸ் உத்தியோகஸ்தர் ஒருவர் இருக்கிறார். இரண்டிலும் முரட்டு நாய் ஒன்று அவருடைய காரிலும் வீட்டிலும் வந்து உட்கார்ந்துகொண்டு, முதலில் அவருடைய நிம்மதியையும், பிறகு சிறிது சிறிதாக அவருடைய மனத்தையும் கைப்பற்றிக்கொள்கிறது. இரண்டிலும் முடிவில் அந்த நாயின் உடம்பில் துப்பாக்கிக் குண்டு பாய்கிறது. போட்டி நிறுவனங்கள் இரண்டு, ஒரே வருஷத்தில், ஏறக்குறைய ஒரே கதையைச் சொன்னதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். ஆயினும் இந்த ஜோடியில் சினிமாக்காரர்களை மீண்டும் மீண்டும் கவர்ந்திழுக்கிற ஏதோ ஒரு சக்தி இருக்கிறது என்பதும், ஜனங்கள் அதைப் பார்க்கச் சலிப்பதில்லை என்பதும் யோசிக்கத்தக்க விஷயங்கள்.

போலீஸ்காரர் வெறும் தனி மனிதர் அல்லர். ராஜ்யத்தின் அதிகாரமே அவர் மேல் உடையாகவும் தொப்பியாகவும் பதவிச் சின்னமாகவும் ஏறி நிற்கிறது. அவர் கையை உயர்த்தினால் வண்டிகள் நிற்கின்றன. அவர் கதவைத் தட்டினால் குற்றம் செய்யாதவனுக்கும் நெஞ்சு ஒரு முறை படபடக்கிறது. ஆனால் எத்தனை பெரிய அதிகாரமும் எதிரே நிற்பவன் அதை அங்கீகரிக்கும் வரையில்தான் அதிகாரமாக இருக்கும். மனிதர் எல்லோரும், திருடன் உட்பட, அதை அறிந்திருக்கிறார்கள். திருடன் ஓடுவதே அந்த அங்கீகாரத்துக்கு அத்தாட்சி. நாய் ஒன்றுதான் அதை அறியாது. சட்டப் புத்தகமும் பதவி உயர்வும் அதற்குப் பொருளற்றவை. அதற்குத் தெரிந்தவை வாசனையும், குரலின் தொனியும், தன்னிடம் அன்பு வைத்தவர் யார், வைக்காதவர் யார் என்ற பகுத்தறிவுமே. அத்தகைய ஜீவனை ஓர் உத்தியோகஸ்தரின் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டால், அவருடைய அந்தஸ்து என்ற மேல் அங்கி கழன்று விழுந்து, உள்ளே இருக்கும் மனிதர் தம் சுபாவத்தோடு வெளிப்பட்டுவிடுகிறார். இந்த வகைப் படங்களின் ஹாஸ்யத்துக்கு மூலகாரணம் நாய் செய்யும் சேஷ்டைகள் என்று பலர் நினைக்கிறார்கள். என் அபிப்பிராயம் வேறு: நாயின் முன்னிலையில் அதிகாரம் செல்லுபடியாகாமற்போன மனிதருடைய முகந்தான் நம்மைச் சிரிக்கவைக்கிறது.

ஹாஸ்ய சினிமாவின் ஆதிகாலத்தில் நாய் போலீஸ்காரரின் கட்சியில் இருக்கவில்லை. சார்லி சாப்ளின் 1918-ஆம் ஆண்டில் எடுத்த 'எ டாக்ஸ் லைப்' என்ற மௌனப் படத்தில், வேலையும் வீடும் இல்லாத நாடோடி ஒருவன் வேலியோரத்துத் தரையில் உறங்கி எழுகிறான். வேலியின் மறுபக்கத்தில் விற்கப்படும் பண்டத்தைக் களவாடப் பார்க்கும்போது போலீஸ்காரர் வந்துவிடுகிறார். வேலியின் அடிச்சந்து வழியாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டு உருண்டு அவரை ஏமாற்றுகிறான். அதே தெருவில் மற்ற நாய்களால் கடிபடும் ஸ்கிராப்ஸ் என்ற தெரு நாயை அவன் காப்பாற்ற, இருவரும் சிநேகிதர்களாகிறார்கள். நாய்களை அனுமதிக்காத நடனக் கூடத்துக்குள் அவன் ஸ்கிராப்ஸைத் தன் தொளதொளத்த காற்சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு நுழையும்போது, துணியின் ஓட்டை வழியே வெளியே நீண்ட வால் பக்கத்திலிருந்த முரசில் படபடவென்று அடிக்கிற காட்சியை இன்று பார்த்தாலும் சிரிப்பு தாளாது. அந்தப் படத்தில் நாயும் நாடோடியும் ஒரே ஜாதி, பசித்தவர்களின் ஜாதி. போலீஸ்காரர் அவர்களுக்கு எதிர்க்கட்சி. ஸ்கிராப்ஸாக நடித்த மட் என்ற நாய், சாப்ளின் யுத்தக் கடன் பத்திரப் பிரசாரத்துக்காக வெளியூர் சென்றிருந்தபோது உணவை மறுத்து இறந்தது என்பதைச் சாப்ளினுடைய சரித்திரத்தை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நடிப்புக்கும் பாசத்துக்கும் இடையே நாம் கிழிக்கும் கோடு அந்தப் பிராணிக்குத் தெரிந்திருக்கவில்லை.

பேசும் படங்கள் வந்தபின் நாய் மெல்ல இடம் மாறியது. 1934-ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி தின் மேன்' படத்தில், உத்தியோகத்தை விட்டு உல்லாசமாக வாழும் துப்பறிவாளர் நிக் சார்ல்ஸுக்கும் அவருடைய மனைவி நோராவுக்கும் இடையே ஆஸ்டா என்ற குட்டி டெர்ரியர் நாய் ஓடியாடிக்கொண்டிருந்தது. ஆஸ்டாவாக நடித்த ஸ்கிப்பி அந்தக் காலத்து நட்சத்திரங்களுள் ஒன்று. 'பிரிங்கிங் அப் பேபி' என்ற புகழ்பெற்ற படத்தில் எலும்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அதுதான். ஆனால் ஆஸ்டா செல்வர் வீட்டு அலங்காரம்; அது துப்பறிவாளருக்குத் தோழனே தவிர, அவரைச் சோதிப்பதில்லை.

திரைக்கு வெளியே, மெய்யான போலீஸ் நாயின் சரித்திரம் வேறு பாதையில் நடந்துகொண்டிருந்தது. பெல்ஜியம் தேசத்தின் கென்ட் நகரில் 1899-ஆம் ஆண்டில் எர்னஸ்ட் வான் வெஸமேல் என்ற போலீஸ் தலைவர் இரவு ரோந்துக்காக நாய்களை முறைப்படி பழக்கத் தொடங்கினார். ஆட்களைக் கூட்டச் செலவு அதிகம், நாய்க்குச் செலவு குறைவு என்ற சிக்கன எண்ணமே அதற்குப் பின்னால் இருந்தது. சில வருஷங்களில் நியூயார்க் நகரப் போலீஸார் அங்கிருந்தே நாய்களை வரவழைத்தார்கள். கென்டில் பயிற்சி தொடங்கிய அதே 1899-ஆம் ஆண்டிலேதான் ஜெர்மனியில் மாக்ஸ் வான் ஸ்டெபானிட்ஸ் என்ற ராணுவ உத்தியோகஸ்தர், ஆட்டு மந்தைகளைக் காத்து வந்த நாய்களிலிருந்து இன்று உலகமெங்கும் போலீஸ் நாய் என்றே அழைக்கப்படும் ஜெர்மன் ஷெப்பர்டு இனத்துக்கு அஸ்திவாரம் போட்டார்.

இந்தச் சரித்திரத்தில் இருண்ட பக்கமும் உண்டு. ஹாஸ்யப் படங்களைப் பற்றி எழுதுகிறவன் அதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மையையே சொன்னவனாவான். 1963-ஆம் ஆண்டு மே மாதம், அலபாமா மாகாணத்துப் பர்மிங்ஹாம் நகரில், சம உரிமை கேட்டு அமைதியாக ஊர்வலம் சென்ற கறுப்பின மக்கள் மீது, சிறுவர் சிறுமியர் உட்பட, அந்நகரத்துப் பாதுகாப்புக் கமிஷனர் புல் கானரின் உத்தரவின்படி தண்ணீர்க் குழாய்களும் போலீஸ் நாய்களும் ஏவப்பட்டன. ஓர் இளைஞனின் வயிற்றை நோக்கி நாய் பாயும் புகைப்படம் மறுநாள் பத்திரிகைகளில் வெளியாகி, உலகத்தின் மனச்சாட்சியை உலுக்கியது. சங்கிலியின் ஒரு முனையில் இருந்த அந்த நாய்க்கு நிறமும் தெரியாது, நீதியும் தெரியாது. சங்கிலியைப் பிடித்த கையின் குற்றமே அதன் பற்களில் வெளிப்பட்டது. அதற்கு இருபத்தாறு ஆண்டுகள் கழித்துத் திரையில் தோன்றிய ஹாஸ்யப் போலீஸ் நாய்கள், அமெரிக்க ஜனங்களின் ஒரு பகுதியினருக்கு அந்தப் பழைய நினைவின் மீது தடவிய களிம்பாகவும், மற்றொரு பகுதியினருக்கு அந்த நினைவையே மறைக்கும் திரையாகவும் இருந்திருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு. 'கே-நைன்' படத்தில் ரவுடிகளையும் சந்தேகத்துக்கு உரியவர்களையும் மிரட்ட நாய் ஏவப்படும்போது அரங்கம் சிரிக்கிறது. அந்த இடங்களில் என்னால் முழு மனத்தோடு சிரிக்க முடிவதில்லை.

1980-களில் ஹாலிவுட்டில் ஒரு சூத்திரம் செழித்திருந்தது. ஒன்றுக்கொன்று ஒவ்வாத சுபாவமுள்ள இருவரை ஒரே வழக்கில் பிணைத்து, அவர்கள் சண்டையிட்டுச் சண்டையிட்டுச் சிநேகிதராவதைக் காட்டும் சூத்திரம் அது. 1982-இல் வந்த '48 அவர்ஸ்' அதில் ஒரு போலீஸ்காரரையும் ஒரு கைதியையும் பிணைத்தது. 1987-இல் வந்த 'லீதல் வெப்பன்' நிதானமான குடும்பஸ்தர் ஒருவரையும் உயிரை மதிக்காத ஓர் இளைஞரையும் பிணைத்தது. மனிதரில் சேர்க்கத்தக்க ஜோடிகள் தீர்ந்துவர, யாரோ ஒரு கதாசிரியருக்கு இரண்டாவது ஆள் மனிதராகத்தான் இருக்கவேண்டுமா என்ற கேள்வி தோன்றியிருக்கவேண்டும். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த குழந்தைகளே 1989-ஆம் ஆண்டின் இரு படங்களும்.

'கே-நைன்' படத்தை ராட் டேனியல் இயக்கினார். சான் டியாகோ நகரத்தில் போதைப்பொருள் வியாபாரி ஒருவனைப் பிடிக்கத் துடிக்கும் மைக்கேல் டூலி என்ற டிடெக்டிவாக ஜேம்ஸ் பெலூஷி நடித்தார். போதைப்பொருளை மோப்பம் பிடிக்கும் ஜெர்ரி லீ என்ற ஜெர்மன் ஷெப்பர்டை அவர் பெற்றுவருகிறார். பயிற்சி பெற்ற நாய்தான். ஆனால் கட்டளைக்குப் பணிவதா வேண்டாமா என்பதை அது தானே தீர்மானிக்கிறது. டூலியோ தாமே மேலதிகாரிகளின் கட்டளைக்குப் பணியாதவர். பணியாதவருக்குப் பணியாத துணை வாய்த்தது என்பதே கதையின் சாரம். சட்டத்தைக் கொஞ்சம் வளைத்துப் பழகிய மனிதர், தம்மைப் போலவே பிடிவாதமுள்ள ஒரு பிராணியிடம் கெஞ்சுவதைப் பெலூஷி நன்றாகவே செய்திருக்கிறார். ஆனால் படம் முழுவதையும் ஒரே ஸ்தாயியில் வாசித்துவிட்டார் என்பது என் குறை.

'டர்னர் அண்ட் ஹூச்' அதைவிட ஆழமான படம். முதலில் அதை இயக்கத் தொடங்கியவர் ஹென்றி விங்க்லர். படப்பிடிப்பு ஆரம்பித்துச் சில நாட்களிலேயே அவர் விலக்கப்பட்டு, ரோஜர் ஸ்பாட்டிஸ்வுட் பொறுப்பேற்றார். முந்தைய வருஷம் 'பிக்' படத்தின் மூலம் ஆஸ்கார் பரிந்துரை வரை சென்றிருந்த டாம் ஹாங்க்ஸ், ஸ்காட் டர்னர் என்ற டிடெக்டிவாக நடித்தார். சைப்ரஸ் பீச் என்ற கற்பனை ஊரில் பெரிய குற்றம் எதுவும் நிகழாமல் சலித்துப்போய், சாக்ரமென்டோ நகருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு, இன்னும் மூன்றே நாளில் புறப்பட இருப்பவர் டர்னர். அவருடைய வீடு கொலுப் படியில் பொம்மைகளை அடுக்கினதுபோல ஒழுங்கானது. ஒரு பொருளும் தன் இடத்தை விட்டு அசையக்கூடாது. துறைமுகத்தை அடுத்து வசித்துவந்த ஏமோஸ் என்ற முதியவர் கொலையுண்டபோது, கொலையாளியைக் கண்ட ஒரே ஜீவன் அவருடைய நாய் ஹூச். சாட்சியைக் காப்பாற்றவேண்டிய கடமை டர்னருடையது. ஆகவே, எச்சில் ஒழுக, மூச்சு இரைக்க, ஐம்பது கிலோவுக்கும் மேற்பட்ட அந்தப் பிராணி அவருடைய வீட்டுக்குள் பிரவேசிக்கிறது.

ஹூச்சாக நடித்தது பீஸ்லி என்ற நாய். டோக் டி போர்டோ என்ற பழமையான பிரெஞ்சு இனத்தைச் சேர்ந்தது. பெருந்தலையும், மடிப்பு மடிப்பாகத் தொங்கும் முகமும், ஓயாமல் எச்சில் வடியும் உதடுகளும் அந்த இனத்தின் லக்ஷணங்கள். உலக யுத்தங்களில் அருகிப்போன அந்த இனம் அன்றைய அமெரிக்காவில் மிக அரிதாகவே காணப்பட்டது. இந்தப் படத்தின் மூலமே சாமானிய ஜனங்கள் அதை அறிந்தார்கள். அழகான நாயைத் தேர்ந்தெடுக்காமல் இத்தகைய ஒன்றைத் தேர்ந்தெடுத்ததில்தான் படத்தை எடுத்தவர்களின் சாமர்த்தியம் இருக்கிறது. லட்சணமான நாயை நேசிப்பது சுலபம். அருவருப்பைக் கடந்து நேசிக்கும்படி ஒரு மனிதரைச் செய்யவேண்டுமானால், அருவருப்பூட்டும் அம்சங்கள் யாவும் முன்னால் நிற்கவேண்டும்.

டர்னர் வெளியே சென்றிருந்த நேரத்தில் ஹூச் வீட்டைத் துவம்சம் செய்யும் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். மெத்தையின் உட்பஞ்சு அறையெங்கும் பறக்கிறது, கதவு பிளக்கிறது, பாட்டுப்பெட்டியின் ஒலிபெருக்கி கிழிகிறது. ஆனால் அந்தக் காட்சியின் உயிர் அழிவில் இல்லை; திரும்பிவந்து வாசலில் நிற்கும் ஹாங்க்ஸின் முகத்தில் இருக்கிறது. அவர் கோபிக்கிறார், நாயோடு வாதம் செய்கிறார், சட்டத்தை மீறிய மனிதனிடம் பேசுவதுபோலவே எச்சரிக்கிறார். எதிரே இருப்பதோ வாலை ஆட்டுகிறது. அந்த நிமிஷத்தில் அவருடைய பதவி, பயிற்சி, நியாயம் எல்லாம் பயனற்றுப்போய், அவர் வெறும் ஸ்காட்டாக நிற்கிறார். இத்தனை வருஷம் அவர் கட்டிக்காத்த ஒழுங்கு உண்மையில் தனிமைக்குப் பூசிய மெருகுதான் என்பதை வசனம் ஒன்றுமின்றியே நாம் உணர்ந்துகொள்கிறோம்.

நாய் சாட்சியாக இருக்க முடியுமா என்ற கேள்வியை அந்தப் படம் விளையாட்டாக எழுப்புகிறது. கல்யாண வைபவம் ஒன்றில் கொலைகாரனைக் கண்டு ஹூச் சீறிப் பாயும்போது டர்னர் அதை நம்புகிறார். நம் நாட்டு நீதிமன்றங்களோ இதைத் தீவிரமாகவே ஆராய்ந்திருக்கின்றன. மகாராஷ்டிர மாநில வழக்கு ஒன்றில் 1969-ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நாய் சாட்சிக் கூண்டில் ஏறிப் பேச முடியாது, அதைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, அதன் சார்பில் அதை நடத்துகிறவரே சொல்லவேண்டியிருக்கிறது, மனிதருடைய சுதந்திரமும் உயிரும் நாயின் அனுமானத்தைச் சார்ந்திருக்கக்கூடாது என்ற ஆட்சேபங்களை எடுத்துக்காட்டி, மோப்ப நாய்ச் சாட்சியத்துக்குச் சாதாரணமாக அதிக மதிப்பு இல்லை என்று கூறியது. சட்டத்தின் இந்த எச்சரிக்கை மிகவும் நியாயமானது. நாய் பொய் சொல்லாது என்பது மெய். ஆனால் அது சொல்வதை நாம் சரியாகப் புரிந்துகொண்டோமா என்பதற்கு உத்தரவாதம் ஏது? மெய்யான மோப்ப நாய்க்குக் குற்றம் என்பதே தெரியாது. குறிப்பிட்ட வாசனையைக் கண்டுபிடித்தால் தன் பயிற்சியாளர் பந்தைக் கொடுத்து விளையாடுவார் என்பது மட்டுமே தெரியும். விமான நிலையத்தில் பெட்டிகளை முகர்ந்துகொண்டு போகும் நாய் தன் அளவில் விளையாடிக்கொண்டிருக்கிறது. அந்த விளையாட்டைச் சட்டம் என்று பெயரிட்டு வைத்திருப்பவர்கள் நாம்.

அப்படியானால் திரையில் நாய் எவ்வாறு நடிக்கிறது? பீஸ்லியைப் பழக்கியவர் கிளிண்ட் ரோ. 'தி திங்' படத்தில் பார்வையாலேயே பார்ப்பவரை நடுங்கவைத்த ஜெட் என்ற நாயைப் பழக்கியவரும் அவரே. காமிராவுக்குப் பின்னாலோ பக்கத்திலோ நின்றுகொண்டு, கையசைவாலும் சிறு ஓசையாலும் உணவாலும் நாயின் பார்வையை வேண்டிய திக்கில் திருப்புவது பயிற்சியாளரின் வேலை. நாய் கதாநாயகரை அன்போடு பார்ப்பதாக நாம் நினைக்கும்போது, அது பெரும்பாலும் அவருடைய தோளுக்கு அப்பால் நிற்கும் பயிற்சியாளரின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மீதியைப் படத்தொகுப்பு செய்துவிடுகிறது. ருஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ், மோஸ்ஜூகின் என்ற நடிகருடைய சலனமற்ற ஒரே முகத்தை ஒரு தடவை சூப் கிண்ணத்துக்கும், ஒரு தடவை சவப்பெட்டிக்கும், ஒரு தடவை ஒரு பெண்ணுக்கும் அடுத்துக் காட்டி, பார்த்தவர்கள் அந்த ஒரே முகத்தில் பசியையும் துக்கத்தையும் காதலையும் வாசித்ததை நிரூபித்தார் என்பது சினிமா பயில்வோர் அறிந்த செய்தி. அந்தப் பரிசோதனைக்கு நாயின் முகத்தைவிடப் பொருத்தமான முகம் வேறில்லை. ஹூச்சின் தொங்கிய முகத்தில் நாம் காணும் பச்சாத்தாபமும் பிடிவாதமும் நாம் கொண்டுபோய் வைத்தவையே.

ஆகவே, இந்தப் படங்களில் பாரம் முழுவதும் மனித நடிகர் மேல் விழுகிறது. எதிரே இருப்பது பதில் வசனம் பேசாது. அவர் சொன்னதைக் கேட்டதாகவும் காட்டிக்கொள்ளாது. அடுத்த முறை அதே காட்சியை எடுக்கும்போது முந்தின முறை செய்ததைச் செய்யாது. நடிகர் தாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பாவங்களையெல்லாம் கைவிட்டு, அந்தக் கணத்தில் நாய் செய்கிறதற்கு ஏற்ப உயிரோடு நடந்துகொள்ளவேண்டும். பிற்காலத்தில் 'பிலடெல்பியா' போன்ற படங்களில் கண்ணீரை வரவழைத்த ஹாங்க்ஸின் நேர்மையான நடிப்புக்கு, பீஸ்லியோடு பழகிய நாட்கள் நல்ல பாடசாலையாக இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முடிவைப் பற்றிச் சொல்லவேண்டும். 'கே-நைன்' படத்தில் குண்டடிபட்ட ஜெர்ரி லீயை டூலி மனிதர்களுக்கான ஆஸ்பத்திரிக்கே தூக்கிச் சென்று, டாக்டர்களை வற்புறுத்திச் சிகிச்சை செய்யவைக்கிறார். நாய் இறந்ததாக எண்ணி அதன் அருகில் அமர்ந்து அவர் மனமுருகிப் பேச, அதுவோ விழித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஹூச்சுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. தன் எஜமானருக்காகக் குண்டை ஏற்றுக்கொண்டு, மிருக வைத்தியரின் மேஜையில் அது இறந்துபோகிறது. கடைசியில் அதன் சாயலோடு பிறந்த குட்டி ஒன்று டர்னர் வீட்டில் அட்டகாசம் செய்வதைக் காட்டி நம்மைத் தேற்றுகிறார்கள். சாப்ளினும் தம் படத்தைத் தொட்டிலில் கிடக்கும் நாய்க்குட்டிகளோடுதான் முடித்தார். ஹாஸ்யப் படத்தில் நாயைக் கொல்வதா என்று பலர் வெகுண்டார்கள், இன்றும் வெகுளுகிறார்கள். அவர்களுடைய துக்கம் எனக்குப் புரிகிறது. ஆயினும் கதையின் தர்க்கத்தைப் பார்த்தால், தன் ஒழுங்கைக் குலைத்த ஒன்றை இழந்தபிறகே அந்த ஒழுங்கு எத்தனை வெறுமையானது என்பதை டர்னர் முழுமையாக அறிகிறார். ஜெர்ரி லீயின் உயிர்ப்பு ரசிகர்களைத் திருப்திப்படுத்தச் செய்த ஏற்பாடு. ஹூச்சின் மரணம் கதையிலிருந்தே விளைந்தது. வசூலைப் பார்த்தாலும், அமெரிக்காவில் மாத்திரம் ஹூச்சின் படம் சுமார் 7.1 கோடி டாலரும், ஜெர்ரி லீயின் படம் சுமார் 4.3 கோடி டாலரும் ஈட்டின. அழவைத்த படத்தை ஜனங்கள் புறக்கணித்துவிடவில்லை.

எஜமானருக்கு வந்த குண்டைப் பிராணி ஏற்று உயிர்விடும் முடிவு நமக்குப் புதிதல்ல. சாண்டோ சின்னப்பா தேவர் 1971-இல் இந்தியில் தயாரித்த 'ஹாத்தி மேரே சாத்தி' படத்தில் ராமு என்ற யானை அப்படித்தான் உயிர் துறந்து, தேசமெங்கும் அரங்குகளைக் கண்ணீரில் ஆழ்த்தியது. போலீஸ்காரரையும் நாயையும் சேர்த்துத் தமிழில் வந்த குறிப்பிடத்தக்க படம், 2014-இல் சக்தி சௌந்தர் ராஜன் இயக்கி, சத்யராஜ் தயாரித்து, சிபிராஜ் நடித்த 'நாய்கள் ஜாக்கிரதை'. பெல்ஜிய ஷெப்பர்டு இனத்தைச் சேர்ந்த நாய்க்குச் சுப்ரமணி என்று நம் வீட்டுப் பிள்ளையின் பெயரை வைத்ததிலேயே பாதி அன்பு பிறந்துவிட்டது. ஆனால் அது கடத்தலும் கொலையும் நிறைந்த விறுவிறுப்புப் படம். ஹாஸ்யம் அதில் ஊறுகாய் அளவே.

1989-க்குப் பின் வந்த ஹாலிவுட் படங்களில் சொல்லத்தக்கவை குறைவு. 1995-இல் சக் நாரிஸ் நடித்த 'டாப் டாக்', இனவெறிக் கும்பல் ஒன்று குண்டு வைப்பதைக் கதையாகக் கொண்டிருந்தது. ஓக்லஹோமா நகரில் அரசாங்கக் கட்டடம் குண்டுவெடிப்பில் தகர்ந்து ஒன்பதே நாள் கழித்து அது திரைக்கு வந்தபோது, எவருக்கும் சிரிக்கும் மனநிலை இல்லை. ஐரோப்பாவில் 1994-இல் ஆஸ்திரியத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'கமிஷனர் ரெக்ஸ்' தொடரில், வியன்னா நகரத்து டிடெக்டிவ்களின் இறைச்சி ரொட்டியைத் திருடித் தின்னும் ரெக்ஸ் பல தேசத்து வீடுகளில் செல்லப்பிள்ளையாயிற்று. இந்த வரிசையில் என் நெஞ்சுக்கு மிக நெருங்கியது, ஹாஸ்யப் படமே அல்லாத ஒரு சோவியத் படம். சர்க்கஸ் கோமாளியாகவும் ஹாஸ்ய நடிகராகவும் தேசமறிந்த யூரி நிகூலின், 1964-இல் எடுக்கப்பட்ட 'வா என்னிடம், முக்தார்!' படத்தில் போலீஸ் நாயை நடத்தும் சாதாரண உத்தியோகஸ்தராக நடித்தார். குற்றவாளியைப் பிடிக்கப்போய்க் காயமுற்று வேலைக்கு உதவாமற்போன நாயை, இத்தனை நாள் உழைத்ததற்காகவேனும் கைவிடாமல் பராமரிக்கவேண்டும் என்று அவர் மேலதிகாரிகளிடம் வாதாடுகிறார். சிரிக்கவைத்தே பழகிய முகம் அந்தக் காட்சியில் சிரிக்கவைக்க முயலாமல் நிற்பதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நடிக்கும் நாய்க்கும் இத்தகைய வக்கீல் வேண்டும். 1939-இல் வெளிவந்த 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' படத்துக்காகக் குதிரை ஒன்று செங்குத்தான பாறையிலிருந்து தள்ளப்பட்டு இறந்ததன் விளைவாகவே, அடுத்த வருஷத்திலிருந்து அமெரிக்காவில் படப்பிடிப்புத் தலங்களில் பிராணிகளைக் கண்காணிக்கும் ஏற்பாடு வந்தது. நம் நாட்டில் ராஜ்ய சபையில் ருக்மிணி தேவி அருண்டேல் விடாமல் போராடியதன் பயனாக 1960-இல் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த வாரியத்துக்கு முதல் தலைவராக இருந்தவரும் அவரே. நாட்டியத்துக்கு அவர் செய்ததை நாம் போற்றும் அளவுக்கு இதைப் போற்றுவதில்லை என்பது எனக்கு நெடுநாளைய மனக்குறை. இன்று படத்தில் பிராணியை நடிக்கவைக்கிறவர் அந்த வாரியத்தின் அனுமதியைப் பெற்றே தீரவேண்டும்.

குழந்தைகளோடு இந்தப் படங்களைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கத் தணிக்கைத் தரத்தில் 'டர்னர் அண்ட் ஹூச்' பெற்றோர் துணையோடு சிறுவர் பார்க்கத்தக்கது. 'கே-நைன்' பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவருக்கே உகந்தது, அதன் பேச்சிலும் சில காட்சிகளிலும் முரட்டுத்தனம் அதிகம். ஆனால் ஹூச் இறந்துபோகும் என்பதை எட்டு வயதுக் குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கதையின் ரகசியம் கெட்டுவிடுமே என்று தயங்கவேண்டாம். வீட்டில் நாய் வளர்க்கும் குழந்தையாக இருந்தால், படம் முடிந்ததும் உறங்கப் போகச் சொல்லாமல், அந்த நாயோடு சிறிது நேரம் விளையாட விடுங்கள். முதல் முறையாகப் பார்க்கும் சிறுவருக்கு இவை இரண்டையும்விடச் சாப்ளினின் படமே ஏற்றது. முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், வசனம் இல்லாததால் மொழி தெரியவேண்டிய அவசியமும் இல்லை.